சந்துக்குள் இரட்டை மணி

திருவொற்றியூரில் ஐம்பதைத் தாண்டிய ஆண் சைக்கிள் ஓட்டினால் ஊர் இரண்டு கேள்விதான் கேட்கும். "சுகரா?" அல்லது "டியூ கட்டாம வண்டி சீஸ் ஆயிடுச்சா?" எனக்குச் சர்க்கரையும் இல்லை, சீஸ் ஆவதற்கு வண்டியும் இல்லை. பிடித்திருக்கிறது, ஓட்டுகிறேன் என்றால் யாரும் நம்புவதில்லை. அதனால் "ஆமாம், சுகர்" என்று சொல்லிப் பழகிவிட்டேன். அதிலிருந்து எங்கள் தெருக் கல்யாணம் எதிலும் என் இலையில் பாயசம் விழுவதில்லை. சைக்கிளுக்காக நான் செய்த தியாகங்களில் பெரியது அதுதான்.

வேலை ராயபுரத்தில். விசைப்படகு எஞ்சின்களுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் பில் போடுகிறேன். தினமும் காலையில் கடலோரச் சாலை வழியாகத் தெற்கே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதே சைக்கிளில் வடக்கே, எண்ணூர் முகத்துவாரம் வரை சும்மா போய் வருவேன். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்தபடி வேர்க்கடலை தின்பதற்கு எங்கள் பக்கத்தில் உல்லாசப் பயணம் என்று பெயர்.

கடலோரச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர் லாரிகள், பல நாட்களில் இரண்டு வரிசையாக, கண்ணுக்கு எட்டிய தூரம் நிற்கும். மிச்சமிருக்கும் சாலையில் காரும் வேனும் பறக்கும். சைக்கிள்காரனுக்கு என்று யாரும் வழி போடவில்லை. ஆனால் இரண்டு லாரி வரிசைக்கும் நடுவில் ஓர் ஆள் போகிற அளவுக்கு இடைவெளி விழும். அதை நாங்கள் சந்து என்போம். இரண்டு பக்கமும் கண்டெய்னர் சுவர், தலைக்கு மேல் ஒரு கீற்று வானம். கடல் பக்கத்திலேயே இருந்தும் உள்ளே அலைச் சத்தம் கேட்காது.

சந்துக்குச் சில வழக்கங்கள் உண்டு. முதலில் கல் பார்க்க வேண்டும். லாரி நெடுநேரம் நிற்கும் என்றால் கிளீனர் சக்கரம் உருளாமல் அண்டையாகக் கல் வைத்திருப்பார். கல் இருந்தால் உள்ளே போகலாம். அடுத்தது மணி. முன்னால் போகிறவர் அவ்வப்போது ஒரு தடவை அடிப்பார். பின்னால் வருகிறவர் இரண்டு தடவை அடித்து, நானும் இருக்கிறேன் என்பார். அந்த இரட்டை மணியைக் கேட்டுவிட்டால், முன்னால் போனவர் அவரை விட்டுவிட்டுப் போகக் கூடாது. வரிசை கிளம்பினால் லாரிகள் ஒடித்துத் திரும்பும், சந்து மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கிறவன் எந்த டிரைவர் கண்ணாடியிலும் தெரிய மாட்டான். வெளியே நின்று கையைத் தூக்க ஓர் ஆள் வேண்டும். ஒரு தடவை இதை மறந்ததால் சந்துக்குள் ஓர் ஆள் செத்துப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு யாரும் மறப்பதில்லை.

அது ஒரு போகிப் பண்டிகை. விடிந்தும் விடியாமல் தெருவெல்லாம் டயரும் பாயும் எரிந்து, மார்கழிப் பனியோடு சேர்ந்து புகை தரையில் படுத்திருந்தது. நான் சைக்கிளை எடுப்பதைப் பார்த்து என் மனைவி வாசலுக்கு வந்தாள்.

"பொகை இன்னாமா கீது பாரு. இன்னிக்காவது பஸ்ல போய்யா. அந்த ஓட்டை சைக்கிளைத் தூக்கி நெருப்புல போடு. போகின்னா பழசைத்தான கொளுத்தணும்?"

"இந்த வூட்ல சைக்கிளை வுட பழசு நான்தாம்மே."

"அதான் யோசிச்சிகினு கீறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தெருப் பிள்ளைகளின் போகி மேளம் கொஞ்ச தூரம் என்னோடு வந்தது. கடலோரச் சாலை ஏறியதும் அதுவும் நின்றது. தெருவிளக்குகள் அணையாமல், கம்பமே இல்லாமல், மஞ்சளாகக் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. கார்கள் வருவது தெரியவில்லை, கடந்து போன பிறகுதான் தெரிந்தது. இதில் ஓரமாகப் போவதைவிடச் சந்து மேல் என்று தோன்றியது. முதல் லாரிகளின் சக்கரங்களைக் குனிந்து பார்த்தேன். இரண்டு வரிசையிலும் கல் இருந்தது. மேற்கொண்டு பார்க்கப் புகை விடவில்லை. பண்டிகை நாள், துறைமுக கேட் திறக்காது, வரிசை எங்கே நகரப்போகிறது என்று நானே துறைமுக அதிகாரிபோல முடிவெடுத்து உள்ளே நுழைந்தேன்.

கொஞ்ச தூரம் போய் மணி அடித்தேன். பின்னால் இரண்டு மணி.

உண்மையில் சந்தோஷமாக இருந்தது. இந்தப் புகையில் நான் ஒருவன் மட்டும் முட்டாள் இல்லை. ஆனால் அந்த மணிக்கு ஓசை சரியில்லை. வெற்றிலை அடக்கிய வாயால் பேசுகிற மாதிரி மழுங்கலாக இருந்தது. கண்டெய்னர் சுவருக்குள் அப்படித்தான் கேட்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"யாரு மாமு அது?" என்று கூவினேன்.

பதில் இல்லை. மறுபடி ஒரு மணி அடித்தேன். சற்றுப் பொறுத்து இரண்டு மணி. வேகமாக மிதித்துவிட்டு அடித்தேன். அதே தொலைவில் இரண்டு. மெதுவாகப் போய் அடித்தேன். நெருங்கவில்லை, அதே தொலைவில் இரண்டு. வழக்கமாகச் சந்தில் யாராவது பல் தேய்ப்பார்கள், எங்காவது செல்போனில் பாட்டு ஓடும், "இன்னா நைனா, கண்டெய்னருக்கு நடுவுல இன்னொரு கண்டெய்னர் போவுது" என்று என் தொப்பையைக் கிண்டல் செய்ய ஒருவராவது இருப்பார். அன்று எல்லாக் கதவுகளும் மூடியிருந்தன. ஒரு கண்ணாடியில் காயப்போட்ட லுங்கி, வரைந்து வைத்ததுபோல அசையாமல் தொங்கியது. லாரிக்கு அடியில் கட்டியிருந்த தூளி ஒன்று காலியாக இருந்தது. அது மட்டும் லேசாக ஆடியது.

எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் என் முதுகுக்கு அது தெரியாது. அது தானாகச் சில்லிட்டது.

அப்போதுதான் கவனித்தேன். பக்கத்துச் சக்கரத்துக்குக் கல் இல்லை. அடுத்ததற்கும் இல்லை. எங்கோ முன்னால் 'ஷ்ஷ்' என்று பிரேக்கில் காற்று பிரிந்தது. அடுத்த லாரியில் ஒன்று. அதற்கடுத்ததில் ஒன்று. அந்தச் சத்தம் ஒவ்வொரு லாரியாக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. கேட் திறந்துவிட்டார்கள்.

இடது வரிசையில் ஒரு டிரெய்லரின் வாலுக்கும் அடுத்த லாரியின் மூக்குக்கும் நடுவே இடம் தெரிந்தது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அதன் வழியாக வெளியே, மணல் ஓரத்தில் வந்து விழுந்தேன். நான் பிழைத்துவிட்டேன். உள்ளே, புகைக்குள், மறுபடி இரண்டு மணி.

போய்விடலாம் என்று என் கால்கள் தெளிவாகச் சொல்லின. தைரியம் என்ற குற்றச்சாட்டுக்கு அவை எந்தக் காலத்திலும் ஆளானதில்லை. ஆனால் காதில் கேட்டுவிட்டதே. அந்த லாரியின் முன்னால் போய் இரண்டு கையையும் தூக்கினேன். டிரைவர் தலையை நீட்டினார்.

"யோவ், சாவுகிராக்கி! நவுருய்யா!"

"சந்துல ஆளு கீறாரு! எடுக்காத!"

"எத்தினி பேரு?"

"ஒருத்தரு!"

அவர் முனகிக்கொண்டே கைபிரேக்கைப் போட்டார். நான் மணியை அடித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு, பிறகு இரண்டு, இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் இரண்டு. கடைசியில் புகையைக் கிழித்துக்கொண்டு ஒரு முன்சக்கரம் வந்தது. பின்னாலேயே காசிமேட்டு ஐஸ் பேக்டரிக்குக் காவல் வேலைக்குப் போகிறவர். முன்பு பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. சீருடையெல்லாம் சாம்பல். அவரைப் பிடித்து வெளியே இழுத்தேன். பயம் போனதும் கோபம் வந்தது.

"யாருன்னு எத்தினி தபா கூவுனேன்? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லாம, ரெண்டு ரெண்டா பெல்லு மட்டும் அடிச்சிகினே வர்றியே!"

அவர் குனிந்து தன் ஹேண்டில்பாரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மணி இருந்த இடத்தில் துருப்பிடித்த வளையம் மட்டும் இருந்தது.

"எனக்கு ஏது தலைவா பெல்லு? அது புட்டுகினு போயி ரொம்ப நாளாவுது. பொகையில தொண்டை வேற கட்டிக்கிச்சி. எனக்கு முன்னாடி உன் தோஸ்து ஒர்த்தரு போனாரே, அவரு பெல்லைக் கேட்டுத்தான் வழி புடிச்சிகினு வந்தேன்." சுற்றிலும் பார்த்தார். "அவரு எங்க?"

மேலிருந்து டிரைவர் கேட்டார். "வந்துட்டான்ல? எடுக்கட்டா?"

வந்துவிட்டார் என்று சொல்லியிருந்தால் முடிந்தது.

"இன்னும் ஒருத்தரு" என்றேன்.

பின்னால் ஹாரன்கள் தொடங்கின. மணி அடித்தேன். பதில் இல்லை. காவலாளி கட்டிய தொண்டையால் "வா சாமி, வா" என்று கத்தினார். டிரைவர் திட்டிக்கொண்டே கீழே இறங்கி, செல்போன் வெளிச்சத்தைச் சந்துக்குள் அடித்தார். வெளிச்சம் கொஞ்ச தூரம் போய்ப் புகையில் நின்றது.

"யாரும் இல்லியே நைனா. நெசமா கேட்டியா?"

"ரெண்டு பேரும் கேட்டோம்."

அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு தன் டிரெய்லரின் கடைசிவரை, கண்டெய்னரைக் கையால் தட்டிக்கொண்டே உள்ளே நடந்தார். தட்டும் சத்தம் தூரமாகி, மறுபடி கிட்டத்தில் வந்தது. திரும்பி வந்ததும் சந்தைப் பார்த்து, வயதில் பெரியவரிடம் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நான் எடுக்கப் போறேங்க. கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க."

சற்று நேரம் கொடுத்தார். பிறகு ஏறி, ஆள் நடக்கிற வேகத்தில் லாரியை நகர்த்தினார். சந்து மூடும்வரை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். எந்தச் சத்தமும் வரவில்லை.

பிறகு கடையில் இதைச் சொன்னபோது எதிரொலி என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஒரு மணிக்கு இரண்டாக எதிரொலிக்கும் கண்டெய்னர் எந்த நாட்டுச் சரக்கு என்று கேட்கவில்லை.

அன்று லாரி போனதும் பார்த்தால், வேலைக்கு நேரமாகிவிட்டது. காவலாளி "நீ முன்னாடி போ தலைவா" என்றார். முன்னால் போகிறவன் மணி அடிக்க வேண்டுமே என்று எனக்கு யோசனை. "நீங்க போங்க" என்றேன். அவருக்கு, நான் பின்னால் வந்தால் எனக்கும் பின்னால் யார் என்ற யோசனை. கடைசியில் இரண்டு பேரும் ஹேண்டில்பார் உரச, பக்கம் பக்கமாக, நட்டநடு கார் சாலையில் மிதித்துக்கொண்டு போனோம். ஒரு கார் எங்களை உரசிக்கொண்டு நின்று கண்ணாடியை இறக்கியது.

"ரோடு இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா? பேமானிங்களா!"

இத்தனை வருடத்தில் எத்தனையோ கார்க்காரர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். மணி அடிக்காமல் வாயைத் திறந்து பேசியதற்காக நின்று கும்பிடு போட்டது அவருக்கு மட்டும்தான்.