ஈரத் துணியில் 98.4

எரித்துச் சாம்பலாகி மூன்று நாளான மனிதருக்கு நான் காய்ச்சல் பார்த்திருக்கிறேன். 98.4 டிகிரி. காய்ச்சல் இல்லை, ஆள் நல்ல சுகம்! சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறு என்ன வேலை? ஆனால் இது சத்தியமாக நடந்தது.

1957, ஆகஸ்டு மாதம். காஜா பேராங் வானிலை நிலையம் என்றால் வேலி போட்ட ஒரு புல்தரை, பக்கத்தில் ஒரு கொட்டகை. புல்தரையில் ஒரு மழைமானி, காற்றுத் திசைகாட்டி, நான்கு கால்களில் நிற்கும் வெள்ளை மரப்பெட்டி. பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள். ஒன்று சும்மா தொங்கும். மற்றதன் குமிழில் மெல்லிய துணி சுற்றி, அதன் வாலைத் தண்ணீர்க் குப்பிக்குள் விட்டிருக்கும். ஈரம் காயக் காயச் சூடு குறையும். ஆகவே ஈரக் குமிழ் குறைவாகத்தான் காட்டும். மிஞ்சிப்போனால் சமம். கூடவே கூடாது. கூடினால், எழுதியவன் பொய்யன்.

நான் தற்காலிக ஊழியன். வெள்ளைக்கார துரை ஊருக்குக் கப்பல் ஏறுமுன் மறுநாள் சோதனைக்கு வருகிறார். அளவுகள் சரியாக இருந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

பழைய துணி அழுக்கேறியிருந்தது. புதுத் துணி கைவசம் இல்லை. கூட வேலை பார்த்த சேதுபதி, மாமனார் பொன்னுதுரையின் சாவுக்குப் போய்விட்டு அன்றுதான் வந்திருந்தான். வெற்றிலை இல்லாத வாயோடு பொன்னுதுரையை யாரும் பார்த்ததில்லை. காஜா பேராங்கில் துப்பினால் ஊரின் மறுகோடியில் இருக்கும் பண்டார் ஹிலிர் சிவக்கும்!

சேதுபதி தன் பையைத் துழாவி ஒரு வெள்ளைத் துணியை நீட்டினான். “இந்தா லா, வெட்டிக்க.”

வெட்டிக் கட்டினேன்.

மாலை 4.00. உலர் குமிழ் 84. ஈரக் குமிழ்... 98.4.

துணியைத் தொட்டேன். வழவழவென்று கோழை. விரலை எடுத்தால் நூலாகக் கூடவே வந்தது. குப்பித் தண்ணீர் சிவப்பு. வெற்றிலை, புகையிலை, சொத்தைப் பல்... எல்லாம் சேர்ந்த வாய் நாற்றம்.

குப்பியைக் கழுவினேன். புதுத் தண்ணீர் விட்டேன்.

4.20. மழை. உலர் குமிழ் 77க்கு இறங்கியது. ஈரக் குமிழ் 98.4.

தண்ணீர் மறுபடியும் சிவப்பு. அடியில் ஏதோ வெள்ளையாக... அரிசி. பாதி மென்ற பச்சரிசி.

பெட்டிக்குள் சத்தம். ச்ளப்... ச்ளப்...

துணியை யாரோ சப்பினார்கள்.

சூடான மூச்சு. என் முகத்தில்.

எச்சில் தெறித்தது...

என் உதட்டில்.

நான் எடுத்த வாந்தியை மழைமானியில் பிடித்திருந்தால் இரண்டு அங்குலம் காட்டியிருக்கும். சேதுபதி இருந்த கொட்டகைக்கு ஓடினேன்.

சேதுபதி விழுந்து விழுந்து சிரித்தான். “தெர்மாமீட்டருக்கே காய்ச்சலா? கொயினா குடு லா!”

“வேலை போயிடும்டா. வந்து பாரு.”

வந்தான். பெட்டியைத் திறந்தான். குப்பிக்குள் பார்த்தான். சிரிப்பு நின்றது. ஒரு குச்சியால் துணியை இழுத்தான். அது வரவில்லை. பற்களுக்கிடையில் மாட்டியதுபோல் இறுகி... பிறகு பட்டென்று விட்டது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான்.

என் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினேன். ஈரக் குமிழ் 75க்கு இறங்கியது. மறுநாள் துரை என் முதுகில் தட்டிக்கொடுத்தார். வேலை நிலைத்தது.

சேதுபதி மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை. “ஒண்ணும் நடக்கல. இவன் புளுகுறான் லா.” என் பணி ஓய்வு விருந்து வரைக்கும் இதே பேச்சு.

அந்த விருந்திலும் கதையைச் சொன்னேன். எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். அவன் மட்டும் இலையில் கை வைக்கவில்லை.

“நடந்துச்சு,” என்றான். “அவன் சொன்னது எல்லாம் நெசம்.”

சிரிப்பு அடங்கியது.

“அந்தத் துணி... மாமனாரு தாடையில கட்டுன வாய்க்கட்டு. வாய்க்கரிசி போட நாந்தான் அவுத்தேன். சிதையில போடாம, மறந்து பையில வச்சிட்டேன்.”

சேதுபதி தன் வலது கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அரிசி போடறப்ப... அவரு வாய் சூடாத்தான் லா இருந்துச்சு.”