இல்லாத மனைவியும் பிலோமினா அக்காவும்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பேசியவர் பிலோமினா அக்காவின் தங்கை ஸ்ரெல்லா, பாரிசிலிருந்து ஓடிவந்திருந்தார். "அக்கா போயிட்டா தம்பி. நெஞ்சு வருத்தம். சாவை நகரசபைக் கந்தோரிலை பதியவேணுமாம், எனக்கு டொச் பாஷை தெரியாது. ஒருக்கா வாங்கோ." துக்கத்துக்கு முன்னால் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. ஏன் என்னைக் கூப்பிடுகிறார்கள்? அக்கா என்னை ஒருநாளும் நம்பியதில்லையே.

ஜெர்மனியின் டோட்முண்டில் வாழும் எங்கள் ஆட்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மருத்துவமனைச் சலவைப் பகுதியில் வேலை செய்தவர். நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். அவருடைய வட்ட முத்திரை விழாத பிறப்புச் சான்றிதழ் இந்த நாட்டில் வெறும் கடதாசி. தனியாகவே வாழ்ந்தார். மொழிபெயர்க்கக் கொண்டுபோகிறவர்களைக் கதிரையில் இருத்தி, பொலிசார்போல விசாரிப்பார். வெளிநாட்டவர் கந்தோருக்கு ஆள்காட்டுகிறார் என்றுகூடக் கதைத்தோம். நானும் கதைத்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

நான் அவரிடம் போனது பெர்லின் சுவர் இடிந்த மறுவருடம். ஜெயந்தியும் நானும் கலியாணம் செய்ய முடிவெடுத்திருந்தோம். இருவரும் வெளிநாட்டவர் என்பதால், ஏற்கெனவே மணமாகாதவர்கள் என்பதற்குப் பதிவு அலுவலகத்தில் அத்தாட்சி கேட்டார்கள். அங்கேதான் வில்லங்கம். அகதி விசாரணையில், குடும்பஸ்தன் என்றால் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஊரில் மனைவி இருக்கிறாள், பெயர் செல்வமலர் என்று சொல்லித் தொலைத்திருந்தேன். அப்படி ஒருத்தி உலகத்திலேயே இல்லை. கோப்பில் மட்டும் சப்பாணி கட்டி இருந்தாள்.

மனைவியை இழந்தவன் மறுபடி கட்டலாம்தானே! கொழும்பில் ஒருவரைப் பிடித்து, செல்வமலருக்கு மரணச் சான்றிதழ் எடுப்பித்தேன். மொழிபெயர்க்கக் கொடுத்தபோது அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னத்திலை செத்தவ?"

"காய்ச்சல், அக்கா."

"எத்தினை நாள் காய்ச்சல்?"

உண்மையைக் கொட்டிவிட்டேன்.

"இல்லாத பொம்பிளையைக் கொல்லுறதுக்கு என்ரை முத்திரை இல்லைத் தம்பி. அதுசரி, உந்தப் பேர் எப்பிடி டக்கெண்டு வாயிலை வந்தது? ஆரோ இருந்திருக்கோணும்."

"அது எங்கடை ஊர் மினிபஸ்ஸின்ரை பேர், அக்கா. முன்னுக்கு எழுதியிருந்தது."

அக்கா சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஜெயந்தியும் சிரிக்கவில்லை. "இவர் சொல்லுறதை நான் எப்பிடி நம்புறது?" என்று அக்காவிடம் கேட்டாள்.

"நம்பாதையும் பிள்ளை. விசாரிப்பம்."

என் ஊர்ப் பங்குச் சாமியாருக்கு எழுதினார். சாமியார் மூன்று ஞாயிறு பூசையில் என் பெயரை வாசித்து, இவர் எவரையாவது கட்டியிருந்தால் வந்து சொல்லுங்கள் என்றாராம். ஒருவரும் வரவில்லை. சாமியாரின் பதில் கடிதம் வந்துசேர ஐந்து மாதம் ஆயிற்று. அதுவரை ஜெயந்தி என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பிறகு அக்கா என்னை வெளிநாட்டவர் கந்தோருக்கு இழுத்துப் போனார். "சொன்ன பொய்யை நீரே அழியும். நான் மொழிபெயர்க்கிறன்." நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே போனேன். ஏசினார்கள், எழுதினார்கள், ஒருவாறு திருத்தினார்கள். அப்போதும் கொழும்பிலிருந்து மேலும் கடதாசிகள் வேண்டும் என்றது பதிவு அலுவலகம். எனவே பலரும் செய்வதுபோல எல்லை தாண்டி, அவ்வளவு கடதாசி கேட்காத டென்மார்க்கில் ஒரு சிற்றூர் நகரசபைக்குப் போனோம். அக்காவும் வந்தார்.

கலியாணம் செய்துவைத்த அலுவலர் டொச்சில் கேட்டார்: இருவரில் எவருக்காவது ஏற்கெனவே துணை உண்டா? அதைத் தமிழில் சொல்லிவிட்டு அக்கா என் முகத்தையே பார்த்தார்.

"இல்லை."

"இன்னொருக்காச் சொல்லும்."

"சத்தியமா இல்லை, அக்கா."

சாட்சிக் கையெழுத்து வைத்தார். வாழ்த்தவில்லை. அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அக்காவின் சாவைப் பதிய, ஸ்ரெல்லா கூப்பிட்ட மறுநாள் புதன்கிழமையே ரெர்மின், அதுதான் சந்திப்பு நேரம், கிடைத்தது. மேசைக்கு அப்பால் இருந்த பெண் அலுவலர் குடும்பநிலை கேட்டார். யோசிக்காமல் "மணமாகாதவர்" என்றேன். என்ன கேட்டார் என்று ஸ்ரெல்லா என்னிடம் விசாரித்தார். சொன்னதும் அவர் முகம் மாறியது.

"ஐயோ, இல்லைத் தம்பி! அக்கா கலியாணம் கட்டினவ. அத்தான் முந்தி இஞ்சை வந்து, தனி ஆள் எண்டு பதிஞ்சவர். அக்கா வந்து சேரேக்கை, டென்மார்க்கிலை போய் வேறை ஒருத்தியைக் கட்டியிருந்தார்."

"கடதாசி இருக்கோ?" என்று கேட்டேன். அக்காவிடம் பழகிய வாய்.

ஸ்ரெல்லா கைப்பையிலிருந்து எடுத்தார். கோயில் விவாகச் சான்றிதழ். அதன் பின்னால், அக்காவே பின்னாளில் டொச்சில் மொழிபெயர்த்து முத்திரை குத்திய தாள். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. "ஒரு கந்தோரிலும் குடுக்கேல்லை. மற்றவவுக்கு அப்ப வயித்திலை பிள்ளை எண்டு விட்டிட்டா," என்றார்.

இல்லாத மனைவியை எழுதுவித்தவன் நான். இருந்த மனைவியை எழுதாமல் விட்டவர் ஒருவர். இப்போது அரை நிமிடத்தில் நானும் அதையே செய்யப் பார்த்தேன். திருத்தச் சொன்னேன். அலுவலர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருடைய முத்திரை?"

"இறந்தவருடையது. நம்பலாம்."

"மணமானவர்" என்று எழுதினார்.

போய் வாருங்கள், அக்கா. உங்கள் கடதாசியைக் கொடுத்துவிட்டோம்.