ஒடிந்த ஊசியின் மறுபாதி

என் வீட்டில் யாராவது ஊசியைத் தரையில் வைத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். மருமகள் வந்த புதிதில் ஒரு நாள் ஊசியைப் பாயில் குத்தி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் போட்ட சத்தத்தில் அவள் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. "ஒரு ஊசிக்கா இந்தக் கூப்பாடு?" என்று மகன் கேட்டான். ஆமாம், ஊசிக்குத்தான். இப்போது பேத்திக்காகப் பழஞ்சேலைகளை அடுக்கிப் போர்வை தைத்துக்கொண்டிருக்கிறேன். எடுக்கும்போதும் வைக்கும்போதும் ஊசி முழுசாக இருக்கிறதா என்று முனையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். அப்பாவுக்கு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. அம்மா காய் எடுக்கப் போவாள். தோட்டத்தில் கொடுக்கும் கம்பளி குளிரைத் தாங்கும், ஆனால் உடம்பெல்லாம் அரிக்கும். அதனால் அம்மா பழைய சேலைகளை மடித்து அடுக்கி, கம்பளிக்கு உள்பக்கமாக வைத்துத் தைப்பாள். எந்த மடிப்பில் யாருடைய சேலை இருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். பெரியம்மா கொடுத்த பச்சைச் சேலை மேலே இருந்தது. அதற்கு அடியில், வெளியே தெரியாதபடி, ஒரு மஞ்சள் சேலை. என் அண்ணனுக்குத் தூளி கட்டிய சேலை அது.

அண்ணனை நான் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் பிறந்தவன். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, பாதையில் மண் சரிந்து பஸ் வராமல், அம்மாவின் மடியிலேயே போய்விட்டான். அதற்குப் பிறகு எனக்கு ஒரு தும்மல் வந்தாலும் அம்மா முகம் மாறிவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவள் ஒரு முறை பேயைப் பார்த்தே விட்டவள்.

அன்றைக்கும் மழைதான். வேலையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. அம்மா அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து கம்பளியின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் மடிப்பு தடித்துப்போய் ஊசி இறங்க மறுத்தது. அந்த ஊரின் ஈரத்துக்கு எல்லா ஊசியும் துருப்பிடிக்கும். அம்மா கட்டைவிரலால் அழுத்தினாள். சட்டென்று ஒரு சத்தம். நூல் கோத்த பாதி அவள் கையில் இருந்தது, முனைப்பாதியைக் காணோம்.

"யாரும் அசையாதீங்க" என்றாள்.

வீட்டில் இருந்தது நான் மட்டும்தான். நானோ ஏற்கெனவே அடி எடுத்து வைத்துவிட்டேன். குதிகாலில் சுருக்கென்றது. தூக்கிப் பார்த்தால் ஒரு பொட்டு ரத்தம். ஊசி இல்லை.

பாயை உதறினோம், கம்பளியை உதறினோம், சாம்பலைக்கூடச் சலித்துப் பார்த்தோம். பக்கத்து வீட்டு அக்கா உடைந்த ரேடியோவில் இருந்து எடுத்த காந்தத்தைக் கொண்டுவந்து தரை முழுக்க இழுத்தாள். ஒரு கொண்டை ஊசியும் ஒரு ஆணியும்தான் ஒட்டிக்கொண்டு வந்தன. பிறகு காந்தத்தை என் குதிகாலில் வைத்துப் பார்த்தாள். வலித்ததா என்று கேட்டாள். எனக்குப் பயத்தில் எல்லாமே வலித்தது.

"மதினி, சொல்றேன்னு பயந்துறாதீங்க" என்று அவள் ஆரம்பித்தாள். பயப்படாதே என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்த வேண்டும். "உள்ள போன ஊசி ஒரு இடத்துல நிக்காதாம். ரத்தத்தோட ஓடுமாம். நெஞ்சுக்கு ஏறிருச்சுன்னா ஆளு தங்காதாம். எங்க ஊருல ஒருத்திக்கு அப்படித்தான் ஆச்சு."

பச்சைச் சேலையில் வெட்டிய ஓரத்துணி ஒன்று கிடந்தது. அம்மா அதை எடுத்து என் கணுக்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். பாம்பு கடித்தால் விஷம் ஏறாமல் கட்டுவார்களே, அப்படி.

அப்பா வந்ததும் என்னைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனோம். அங்கே கம்பவுண்டர் கட்டை அவிழ்த்துக் குதிகாலை அமுக்கிப் பார்த்தார். டிஞ்சர் தடவினார். "ஒந்நும் இல்லா, பேடிக்கண்டா" என்று மலையாளத்தில் பயப்பட வேண்டாம் என்றவர், "சந்தேகம்னா தேனிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துக்கோ" என்றார். தேனிக்குப் போவதற்குப் போடிமெட்டு இறங்க வேண்டும். பாதையில் மண் சரிந்து பஸ் நின்றிருந்தது. அதைக் கேட்டதும் அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர்கள் இரண்டு பேருக்கும் அது பழைய செய்தி. வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் துணியைக் கட்டினாள்.

அதன் பிறகு என்னை நடக்க விடவில்லை. நடந்தால் ஊசி ஏறுமாம். பின்பக்க ஜன்னலோரம் உட்கார வைத்து, காலை அரிசி மூட்டையின்மேல் தூக்கி வைத்தாள். விடிந்ததும் குதிகாலில் இருந்து ஆரம்பித்து முழங்கால் வரை விரலால் அமுக்கிக்கொண்டே வருவாள். வேலைக்குப் போகவில்லை. சோறு ஆக்குவாள், தான் சாப்பிட மாட்டாள். ஒரு நாள் அந்தக் கம்பளியைப் பிரித்து மஞ்சள் சேலையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ஊசியைவிட அவள் அப்படி உட்கார்ந்திருந்ததுதான் என்னைக் கூடுதலாகப் பயமுறுத்தியது.

அப்பாவுக்கு அது தாங்கவில்லை. மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில் அவர் வீட்டுக்குப் பின்னால் போனார். நான் ஜன்னலில் இருப்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது. சட்டைப்பையில் இருந்து ஒரு ஊசியை எடுத்தார். குறட்டால் பிடித்து ஒடித்தார். காதுள்ள பாதியைக் காட்டுக்குள் வீசிவிட்டு, முனைப்பாதியைக் கல்லில் தேய்த்து அழுக்காக்கினார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே அடுப்படியில் இருந்து அவர் குரல் கேட்டது.

"ஏ, இங்க வா! கெடச்சிருச்சு! அடுப்புக்கல்லு இடுக்குல கெடந்திருக்கு!"

அம்மா ஓடினாள். நானும் நொண்டிக்கொண்டே போனேன். அவள் அந்தப் பாதியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்த மாதிரி எனக்கு ஞாபகம். பிறகு, "நல்லதாப் போச்சு" என்றாள். தன்னிடம் இருந்த பாதியோடு சேர்த்துப் பவுடர் டப்பாவில் போட்டு மூடினாள். என் காலில் கட்டிய துணியை அவிழ்த்தாள். அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டாள். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

அம்மாவின் பயம் போய்விட்டது, என் பயம் அன்றுதான் முளைத்தது. ஊசி கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் அது எனக்குள் இருக்கிறது. யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் மறுபடியும் அந்த மஞ்சள் சேலையோடு உட்கார்ந்துவிடுவாள். பாண்டி ஆடுவதை விட்டேன். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கினால் வந்துவிட்டது என்று நின்றுவிடுவேன். முழங்காலில் வலித்தால் இப்போது முழங்காலில் இருக்கிறது என்று நினைப்பேன். இடுப்பில் பிடித்துக்கொண்டால் அங்கே வந்துவிட்டது. ஊசி என்னைவிட நன்றாக ஊர் சுற்றியது.

தினமும் வேலைக்குச் சங்கு ஊதுவதற்கு முன்னால் அப்பா வந்து என் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பார். நான் தூங்குவதுபோலக் கிடப்பேன். பயத்தில் இதயம் அடித்துக்கொள்ளும். அதைக் கேட்டு அவர் பயந்திருப்பார், பாவம். அம்மா வாராவாரம் எண்ணெய் தேய்க்கும்போது குதிகாலில் தொடங்கித் தொடை வரைக்கும் வலிக்க வலிக்க உருவிவிடுவாள். கத்தினாலும் விடமாட்டாள். அது பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

சில வருஷம் இப்படியே போனது. நான் பெரிய மனுஷி ஆன பிறகு ஒரு நாள் விறகுக்கட்டோடு வழுக்கி விழுந்ததில், அதே காலில் கணுக்கால் வீங்கியது. இந்த முறை பாதை நன்றாக இருந்தது. அப்பா என்னைத் தேனிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பு முறியவில்லை என்றார். அப்பா நகரவில்லை.

"ஐயா, அதுல ஊசி மாதிரி ஏதாச்சும் தெரியுதுங்களா?"

"ஊசியா? கால்ல ஒன்னும் இல்லைய்யா."

வெளியே வந்ததும் அப்பா மரத்தடியில் அப்படியே குந்திவிட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். "நீங்க ஒடிச்சதை நான் ஜன்னல்ல பாத்தேன்ப்பா" என்றேன். துண்டை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். "இத்தனை வருசமாவா தாயி?" என்றார். போடியில் இறங்கி எனக்கு வயிறு முட்டப் பக்கோடா வாங்கிக் கொடுத்தார். அம்மாவிடம் எதுவும் சொல்லக் கூடாது, தெரியாதவளாகவே இருக்கட்டும் என்று பேசிக்கொண்டுதான் பஸ் ஏறினோம்.

அப்பாவுக்குச் சந்தோஷத்தை அடக்கத் தெரியாது. வாசலில் கால் வைத்ததுமே, "புள்ளைக்கு ஒன்னுமில்ல, ஊசியும் இல்ல, ஒன்னும் இல்ல!" என்று உளறிவிட்டார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பவுடர் டப்பாவோடு வந்தாள். இரண்டு பாதிகளையும் உள்ளங்கையில் நேராக வைத்துக் காட்டினாள். ஒரு பாதி தடிமன், இன்னொன்று அதில் பாதிகூட இல்லை.

"கம்பளி தைக்கிற ஊசிக்கும் ரவிக்கை தைக்கிற ஊசிக்கும் வித்தியாசம் தெரியாதவளா நானு? பாத்த ஒடனே தெரியுங்க. நீங்களும் புள்ளையும் நிம்மதியாத் தூங்குங்கன்னுதான் வாயை மூடிக்கிட்டேன்."

எனக்குக் காலை உருவி உருவி அவள் தேய்த்த எண்ணெய் ஞாபகம் வந்தது. பாசம்தான், ஆனால் அவள் தேடிக்கொண்டும் இருந்திருக்கிறாள். கட்டிப்பிடித்து அழலாம் போல இருந்தது. ஒரு வழியாக மூன்று பேருக்கும் விடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அம்மா படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"இது காலு மட்டுந்தானே?"

"ஆமா" என்றார் அப்பா.

"கம்பளியைப் பூராப் பிரிச்சுப் பாத்துட்டேன், அதுல இல்ல. வீட்டுல ஒரு இடம் பாக்கியில்ல, எங்கயும் இல்ல. இப்பக் கால்லயும் இல்லன்னா…"

அவள் முடிக்கவில்லை. படம் கையில் இருந்து நழுவியது. கிட்டே வந்து, அப்பா விடியற்காலையில் திருட்டுத்தனமாக வைக்கும் இடத்தில், பட்டப்பகலில் தன் உள்ளங்கையை வைத்தாள். அப்பாவும் வந்து அவள் கைமேல் தன் கையை வைத்தார். லயத்தில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, என் நெஞ்சு அடிப்பதைக் கேட்டபடி நின்றோம்.