அறுபத்துநான்கு ஒத்திகைகள்

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் அவளை எல்லாரும் ‘ஜாஸ் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிடப் பத்து வயது மூத்த வாயிற்காவலர் உட்பட. தட்டச்சுப் பிரிவில் சேர்ந்தவள், தலைமைத் தயாரிப்பாளர் அறை வாசலில் போய்ப் போய் நின்று ஜாஸ் இசைக்கென்று வாரத்துக்கு அரை மணி நேரம் வாங்கினாள். “யாரும் பாக்காத நேரத்தத் தரேன், யாரும் கேக்காததப் போட்டுக்கோ” என்று அவர் கும்பிடு போட்டு அனுப்பினார். ஞாயிறு மதியம் மூன்று மணி. ஊரே சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம். அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முப்பத்தோரு வருடம் ஓட்டிவிட்டாள்.

அவள் வேலையில் ஒரு திருட்டுத்தனம் இருந்தது. எவ்வளவு அழகான திருட்டுத்தனம்! ஜாஸ் வாசிப்பவர்கள் மெட்டை மட்டும் பேசிவைத்துக்கொண்டு மிச்சத்தை அந்தந்த நொடியில் கண்டுபிடிப்பவர்கள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தால் போதும், பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் மாதிரி விறைத்துப்போவார்கள். அதனால் விளக்கின்மேல் கறுப்பு நாடாவை ஒட்டிவிடுவாள். “சும்மா ஒத்திகைதான், உங்க இஷ்டத்துக்கு வாசிங்க” என்பாள். அதைத்தான் பதிவு செய்வாள். பிறகு விளக்கை எரியவிட்டு, ஒப்புக்கு இன்னொரு முறை எடுத்து, அன்றைக்கே அதை அழிக்கக் கொடுத்துவிடுவாள். ஒளிபரப்பாவது ஒத்திகை. நிலைய விதிப்படி அது குற்றம். ஆகவே அழிக்க மனமில்லாமல் அவள் வைத்துக்கொண்ட சில டேப் பெட்டிகளின் மேல் ‘ஒத்திகை’ என்ற சீட்டு அப்படியே இருக்கும். மேலதிகாரி யாராவது அவள் அறை இரும்பு அலமாரியைத் திறந்தால் குப்பை என்று நினைத்து மூடிவிடுவார்.

அவள் தம்பி சாக்ஸபோன் வாசிப்பவன். ஹோட்டல் சாப்பாட்டுக் கூடங்களில் தட்டுச் சத்தத்துக்கு நடுவே வாசித்தே வயதானவன், ஓர் இசைத்தட்டுகூட வெளியிட்டதில்லை. தம்பிக்கு இடம் கொடுத்தாள் என்ற பேச்சு வரக்கூடாதென்று அவனை அவள் கூப்பிடவே இல்லை. “உன் நிகழ்ச்சிக்கு வரணும்னா நான் வேற அம்மாவுக்குப் பொறந்திருக்கணும்” என்று கிண்டல் செய்வான். நான்கு வருடத்துக்கு முன்னால்தான் மனம் இளகிப் பதினோரு நிமிடம் எடுத்தாள். அதுவும் ஒத்திகைதான்.

போன மார்கழிக்குப் பிறகு ஒருநாள் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. அடுத்த நாள் காலை அவள் மருத்துவமனையிலிருந்து நேராக நிலையத்துக்கு வந்தாள், ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி யாருக்காகவும் காத்திருக்காது. இரவு முழுக்கத் தூங்காதவள் மேசைமுன் உட்கார்ந்திருந்தாள். கிடங்குக்காரர் ஒரு தாளோடு வந்தார். புது டேப் வாங்கப்போவதில்லையாம், பழையதை அழித்துத்தான் பயன்படுத்த வேண்டுமாம். ஒத்திகை என்று போட்டிருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொன்னாள். காட்டிய மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டாள். அவர் வண்டியில் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஒரு பெட்டி சரிந்தபோது எழுந்து போய் எடுத்தும் கொடுத்தாள்.

மூன்று மாதம் கழித்துத் தம்பி கேட்டான். கைக்குப் பயிற்சி கொடுப்பவர், தன் கை முன்பு எப்படி அசைந்தது என்று தினமும் பார்த்தால் நல்லது என்றாராம். “அந்தப் பதினோரு நிமிஷத்தக் கொண்டாக்கா. என் கையப் பாத்தாதான் என் கைக்கு ஞாபகம் வரும்.”

அலமாரியைத் திறந்தாள். தட்டுகள் காலி. அப்போதுதான் மூன்று மாதமாக அதைத் திறக்கவே இல்லை என்பது உறைத்தது. கிடங்குக்குப் போனாள். அறுபத்துநான்கு டேப்பும் பதிவை அழிக்கும் காந்தப் பொறியில் போய் வந்துவிட்டன, ஒன்றுக்கு அரை நிமிடம். தம்பியின் டேப்பில் இப்போது மாடித்தோட்டம் வளர்ப்பது எப்படி என்று ஓடிக்கொண்டிருந்தது. கிடங்குக்காரர் முகம் வெளுத்து, நீங்கள்தானே அக்கா சொன்னீர்கள் என்று இழுத்தார். நான்தான் என்றாள். அழுகை வருமென்று சற்று நின்று பார்த்தாள். வரவில்லை. கதவை மூடிவிட்டு வந்தாள்.

இரண்டு வாரம் தேடிக்கொண்டிருப்பதாகத் தம்பி மனைவியிடம் போனில் சொன்னாள். அதற்குள் ஒரு பொய் தானாகவே தயாராகிவிட்டது. டேப்பில் வெறும் முகம்தான், கையே காட்டவில்லை என்று சொல்லிவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. அதை வாயில் அடக்கிக்கொண்டுதான் அவன் வீட்டுப் படி ஏறினாள்.

தம்பி இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“அழிஞ்சிடுச்சுடா. நான்தான் கையெழுத்துப் போட்டேன்.”

அவன் மடியிலிருந்த கையைப் பார்த்தான்.

“அதுல என் கை இருந்துச்சா?”

பொய் நாக்கு நுனிவரை வந்தது.

“முக்காவாசி கைதான். உன் மூஞ்சியக் காட்டவே இல்ல.”

“நல்லவேளை” என்றான். சிரிக்கவில்லை. “நீதானே கடைசியாப் பாத்தவ. சுரம் இறங்குற அந்த இடத்துல மோதிர விரல் முதல்ல போச்சா, சுண்டு விரலா? அதச் சொல்லு போதும்.”

அவள் யோசித்துப் பார்த்தாள். நாலு திரை, வினாடி எண்ணிக்கை, பியானோக்காரரின் தோள், அடுத்து எந்தக் கேமரா என்பது எல்லாம் ஞாபகத்தில் இருந்தது. விரல் மட்டும் இல்லை.

“நான் பாக்கலடா.”

“பதினோரு நிமிஷமும்?”

“பதினோரு நிமிஷமும்.”

தம்பி மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். மூன்று பேரும் குடித்தார்கள்.

அந்த வாரம் ஒரு பெண் சாக்ஸபோன் வாசிக்க வந்தாள். புதியவள், கொஞ்சம் பயந்தவள். விளக்கில் கறுப்பு நாடா ஒட்டியாயிற்று. முதல் சுற்று முடிந்து இரண்டாவது ஆரம்பித்தது. படம் மாற்றும் பொத்தான்களில் விரலை வைத்துக்கொண்டு உதவியாளர் காத்திருந்தார், ஜாஸ் அக்கா வாயைத் திறக்கவில்லை. திரையில் அந்தப் பெண்ணின் கை மட்டுமே இருந்தது. டிரம்ஸ்காரர் வெளுத்துவாங்கிக்கொண்டிருந்தார், அவர் படத்திலேயே இல்லை.

“மாத்தவாக்கா?”

“வேணாம்.”

“டிரம்ஸ் சோலோக்கா.”

“தெரியும். கையிலயே இரு.”

டிரம்ஸ் ஓய்ந்து அவள் மறுபடி ஊதியபோது, சுரம் இறங்கும் இடத்தில் மோதிர விரல்தான் முதலில் போனது. ஆனால் அது அந்தப் பெண்ணின் விரல்.