பழனியாண்டவர் படத்துக்குப் பின்னால்

நீலாவதியைப் போல் கேள்வி கேட்கும் பெண்ணை அந்தமானின் சிப்பிகாட் கிராமம் அதற்குமுன் கண்டதில்லை. மெட்ராஸிலிருந்து வந்த கப்பலிலேயே, கடல் தண்ணீர் பாட்டிலில் அள்ளினால் ஏன் நீலமாக இல்லை என்று மாலுமியைத் துளைத்தவள். அவளுடைய கணவர் ஜம்புலிங்கம் மலேரியா இலாகாவில் வீடு வீடாகச் சுவருக்கு டி.டி.டி. அடிப்பவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர். நல்ல பொருத்தம்தான்!

அறுபதுகளில் ஒரு தை மாதம். ஜம்புலிங்கம் நடு அந்தமானில் உள்ள ரங்கத் ஊருக்குக் கேம்ப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து மெயின்லேண்டிலிருந்து கிருஷ்ணமூர்த்தி என்ற புது அதிகாரி வந்து சேர்ந்தார். கையில் வலைக்கூண்டு, அதற்குள் லேபில் வளர்த்த கொசுக்கள். அடித்த மருந்து கொசுவைக் கொல்கிறதா என்று பார்க்கும் முதல் சோதனைக்கு, மருந்து அடிப்பவரின் வீட்டையே தேர்ந்தெடுத்தார்.

புனல் போன்ற ஒரு கண்ணாடிக் கூம்பைச் சுவரில் கவிழ்த்துக் கட்டினார். ரப்பர் குழாயை வாயில் வைத்துக் கொசுக்களை உறிஞ்சி, கூம்புக்குள் ஊதினார். நீலாவதி அடுப்பை மறந்து நின்றாள். சற்று நேரம் கழித்து அவற்றைக் காகிதக் கோப்பைக்கு மாற்றி, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சை மேலே வைத்தார்.

"சாவப்போற மச்சருக்குச் சக்கரத் தண்ணியா சார்?" அந்த ஊர் இந்தியில் கொசு மச்சர்தான்.

"பசியில செத்துதா, மருந்துல செத்துதான்னு தெரியணுமேம்மா."

அந்தப் பதில் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

மறுநாள் காலை வந்து பார்த்தால், கொசுக்கள் விருந்தாளிகளைப் போல் தெம்பாக இருந்தன. அதிகாரியின் முகம் கடுத்தது. "சொந்த வீட்டுக்கே அடிக்காதவர் ஊருக்கு என்னத்த அடிச்சிருப்பார்? மருந்து எந்தக் கத்தரித் தோட்டத்துக்குப் போச்சோ! மேலே எழுதத்தான் போறேன். வேலை நிக்காது."

நீலாவதியின் கணவருக்கு வேலையே போகப்போகிறது. ஆனாலும் பழக்கம் விடுமா? "அவரு அடிச்சாரு சார், நான் பாத்தேன். அடிச்சு மாசக் கணக்காச்சே, அந்தப் புகை இன்னுமா இருக்கும்?"

"புகை இல்லம்மா. மருந்து செவுத்துலயே வெள்ளையா ஒட்டிக்கிட்டு இருக்கும். கொசு வந்து உக்காந்தா கால் வழியா ஏறும்."

திருடனுக்குத் தேள் கொட்டியது போலாயிற்று அவளுக்கு. பொங்கலுக்குச் சுவரெல்லாம் சாணியும் செம்மண்ணும் கரைத்து மெழுகியிருந்தாள். திட்டுத் திட்டாக இருந்த அந்த வெள்ளையை அழுக்கென்றே நினைத்தாள். சொன்னால் அரசாங்க மருந்தை மூடியவள் அவள். சொல்லாவிட்டால் திருடன் அவர்.

முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். சோம்பலில் பழனியாண்டவர் படத்தை இறக்காமல் அதைச் சுற்றித்தான் மெழுகியிருந்தாள். இப்போது இறக்கினாள். பின்னால் சதுரமாக, வெள்ளை வெளேரென்று மருந்து.

"நான்தான் சார் மெழுகினேன். அவரு சாமி படத்தைக்கூட எறக்கி வச்சுட்டுத்தான் அடிச்சிருக்காரு. உங்க கூம்பை இங்க வைங்க."

வைத்தார். மறுநாள் காலை கோப்பைக்குள் கால்களை மேலே தூக்கிக்கொண்டு எல்லாக் கொசுக்களும் கிடந்தன. கொசு செத்ததற்காக ஒருத்தி ஆனந்தக் கண்ணீர் விட்டதைக் கிருஷ்ணமூர்த்தி அன்றுதான் பார்த்தார். போகும்போது அவர் சொன்னார்: "செவுத்த மெழுகாதீங்கன்னு வீட்டுக்கு வீடு சொல்றது அவர் வேலையாச்சேம்மா. உங்ககிட்ட சொல்லலையா?"

ஜம்புலிங்கம் கேம்பிலிருந்து திரும்பி டிரங்குப் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் பிடித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றீங்களாமே! என்கிட்ட மட்டும் ஏங்க சொல்லல?"

அவர் மெழுகிய சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கப்பல்காரன் வரைக்கும் கேள்வி கேக்கறவ. என் வேலையைப் பத்தியும் ஒருநாள் கேப்பேன்னு இருந்தேன்."

நீலாவதி, மறுபடி மாட்டியிருந்த பழனியாண்டவர் படத்தை இறக்கி வைத்துவிட்டு, அவர் தோளிலிருந்த மருந்தடிக்கும் பம்பை வாங்கிக் கையில் பிடித்துப் பார்த்தாள்.

"இதை எப்படிங்க அடிப்பீங்க?"