ஷஃபியுல்லாவும் பன்னிரண்டு அறைப் பேயும்

பூந்தமல்லியில் கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஷஃபியுல்லாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. இரண்டு அறை வீட்டில் ஒன்பது பேர். அதில் மைத்துனன் ராஷித் ஒரு வாரம் தங்கிப் போக வந்தவன். வந்து எட்டு மாதமாகிறது. மனிதருக்குப் படிக்கிற பைத்தியம் உண்டு, படிக்க இடம்தான் இல்லை. குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நாலு பக்கம் புரட்டுவார். ஐந்தாவது பக்கத்தில் யாராவது கதவைத் தட்டிவிடுவார்கள்.

நூலகத்திலிருந்து எடுத்துவந்த பேய்க்கதை ஒன்றையும் அப்படித்தான் படித்து முடித்தார். பன்னிரண்டு அறை பங்களா, அதில் ஒற்றைப் பேய். படிப்பவர்களுக்குக் குலை நடுங்க வேண்டும் என்று எழுதிய கதை. இவருக்கோ பொறாமையில் வயிறெரிந்தது.

"பேய் பாட்டுக்குத் தனியா, நிம்மதியா கீது. மூணு பேரு பொட்டியோட வந்து உள்ள நுழையறானுங்க. அது கத்தாம இன்னா பண்ணும்?" என்றார் மனைவி அஷ்ரஃபுன்னிசாவிடம்.

"மெதுவா பேசுங்க. ராஷித் காதுல உழப்போவுது."

"உழட்டும்."

குத்தம்பாக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது. எல்லோரும் கிளம்பும்போது ஷஃபியுல்லா இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். அத்தனையும் நடிப்பு. ஒரே ஒரு நாளாவது வீடு தனக்கே தனக்கென்று வேண்டும். அதற்காகப் பிரியாணியையே விட்டுக்கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வேன் தெருமுனை திரும்பியதும் எழுந்து, கூடத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, அதே புத்தகத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

முதல் பத்துப் பக்கம் சொர்க்கம். பதினொன்றில் பங்களாவின் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஷஃபியுல்லா நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. இருபதாம் பக்கத்தில் இரண்டு காலையும் நாற்காலி மேலே தூக்கி வைத்துக்கொண்டார். முப்பதில் டிவியைப் போட்டார். அதுவும் போதாமல் மிக்ஸியை வெறும் ஜாரோடு ஓடவிட்டார். இத்தனைக்கும் பட்டப்பகல், ஏற்கெனவே வரிக்கு வரி படித்த கதை. அன்றைக்குப் பாவமாகத் தெரிந்த பேய் இன்றைக்குப் பேயாகவே தெரிந்தது.

பதினொன்றரை மணிக்குக் கரண்ட் போனது. டிவியும் மிக்ஸியும் ஒன்றாக அடங்கின.

அடுத்த அரை மணியில் அவர் கல்யாண மண்டப வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினார். காலில் செருப்பு ஜோடி மாறியிருந்தது.

அஷ்ரஃபுன்னிசா அவரை ஓரமாக இழுத்துப் போனாள். "எழுந்திருக்கவே முடியலன்னு படுத்தீங்க. இப்ப இன்னாத்துக்கு ஓடி வரீங்க?"

பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

"ஊட்டுல யாருமே இல்ல, அஷ்ரஃபு," என்றார், தப்பு முழுக்க அவளுடையது என்பது போல.