ஆர்லிஸ் அளந்துவிட்ட மீன்கள்

ஆர்லிஸ் டாலெஃப்சனுக்குச் சந்தேகம் என்பது மூச்சு விடுவது மாதிரி. சும்மாவா? காலமெல்லாம் கண்ணாடியில் பின்சீட்டுப் பிள்ளைகள்மேல் ஒரு கண் வைத்தே பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஓய்வு பெற்றதும் அந்தக் கண்ணை அப்படியே தூண்டில் சங்கத்தின் பக்கம் திருப்பினாள்.

அமெரிக்காவின் வட மினசோட்டாவில் அந்தச் சங்கத்துக்கு இருப்பது ஒரே ஒரு சின்ன ஏரி. பெரிய டிரவுட் மீன் மாட்டினால் உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது முதல் விதி. முட்டையிடும் மீன் போனால் ஏரியே போச்சு.

"விட்டேன் விட்டேன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. எவன் பார்த்தான்?" என்று கேட்டு, ஆர்லிஸ் தானாக இன்னொரு விதியைச் சேர்த்தாள். பெரிய மீனை வாளியில் போட்டுப் படகுத்துறைக்குக் கொண்டுவர வேண்டும். அவள் நூல் கையுறையோடு அதை இறுக்கிப் பிடித்து, பலகையில் கிடத்தி அளந்து, வாலோரத்தில் கத்திரியால் துளி வெட்டி அடையாளம் வைத்து, தானே ஏரியில் விடுவாள். சங்கத் தலைவர் கோர்டிக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் ஆர்லிஸிடம் வாய் கொடுத்து மீண்டவர் யார்?

அந்தக் கோடையில் பெரிய மீன்களாகச் செத்துக் கரை ஒதுங்கின. யார் வேலை என்பதில் ஆர்லிஸுக்குக் குழப்பமே இல்லை. செயின்ட் பால் நகரத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்த டுவேன் பிரிபில்தான். அவன் மட்டும் துறைக்கு ஒரு மீன்கூடக் கொண்டுவந்ததில்லை.

"இத்தனை நாளா ஒண்ணுகூட மாட்டலையாம். யார் காதுல பூ சுத்துறான்?"

தூரக்கண்ணாடியோடு நாணலுக்குள் உட்கார்ந்தாள். கொசு பிய்த்தெடுத்தது. டுவேன் பெரிய டிரவுட் ஒன்றை இழுத்தான், தண்ணீருக்கு வெளியே தூக்காமலே குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றினான், மீன் போய்விட்டது. அவன் கரையேறியதும் பாய்ந்தாள்.

"வாளி எங்க?"

"அங்கயே விட்டுட்டேங்க. துறை வரைக்கும் தூக்கிட்டு வந்தா அது தாங்காது."

"அளக்காம விட்டா விட்டதா அர்த்தமில்ல. விதியை மீறிட்டே. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல உன்னை வெளிய அனுப்புறேனா இல்லையா பாரு!"

வெறும் வாய்ப்பேச்சோடு போவாளா? சனிக்கிழமை சாட்சிக்காக நாணலோரம் செத்த மீன்களைப் பொறுக்கினாள். அவன் கொன்றவை என்றால் வாலில் வெட்டு இருக்காது. முதல் மீனைப் புரட்டினாள். வெட்டு இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. வெட்டில்லாத ஒன்றுக்காக இருட்டும்வரை தேடினாள், கிடைக்கவில்லை. ஒவ்வொன்றின் உடம்பிலும் மீனைக் காக்கும் வழுவழுப்பு உரிந்து, அந்த இடத்தில் பூஞ்சணம் பஞ்சு போல வெள்ளையாகப் பூத்திருந்தது. அந்த வெள்ளை விரல் விரலாக இருந்தது. அதன்மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. அத்தனையையும் வாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டாள் பாவி.

ஞாயிற்றுக்கிழமை காப்பியும் கேக்கும் முடிந்ததும் கோர்டி எழுந்தார். "டுவேனை நீக்கணும்ங்கிறவங்க கை தூக்குங்க." ஆர்லிஸுக்குப் பயந்தே பாதிக் கைகள் மேலே போயின. டுவேன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

"கையை இறக்குங்க," என்றாள். வாளியிலிருந்த மீன்களை மேசைமேல் கொட்டினாள். "எல்லாத்தோட வாலையும் பாருங்க. கொன்னது நான்."

"வேலியே பயிரை மேஞ்ச கதையால்ல இருக்கு!" என்றார் கோர்டி.

டுவேன் மெதுவாகக் கேட்டான்: "அப்போ இனிமே நாங்க விட்டோம்னு சொன்னா?"

"நம்பணும்," என்றாள் ஆர்லிஸ்.

அடுத்த வாரம் அவள் துறையில் படகு கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் ஏரியிலிருந்து டுவேனின் குரல் வந்தது. "பெரிசு ஒண்ணுங்க! விட்டுட்டேன்!"

கழுத்து தானாகத் திரும்பப் போனது. இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே, "சரிப்பா," என்றாள்.